மூன்று கால் கிளி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரேணுகாதேவி கம்ப்யூட்டரைப் போட்டாள். ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு அது அவளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது.

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கேடயம். அதன்மேல் 'வஜ்ர கவச் ப்ரோ' என்று பெயர். 'ஆபத்து! உங்கள் கம்ப்யூட்டரில் 847 வைரஸ்! உடனே அழையுங்கள்!' என்று ஒரு போன் நம்பர். கூடவே ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம். கேடயத்துக்குக் கீழே அவளுடைய டிசைன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. ருத்ராட்ச பார்டர், தாழம்பூ ரேக்கு, அன்னப்பட்சி முந்தி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பூச்சி.

"ஏங்க! ஜல்தி வாங்க!"

கணவர் அன்பழகன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். பார்த்தார். அவர் வழக்கப்படி முதல் காரியமாக செல்போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தார்.

"இப்ப இன்னாத்துக்குப் போட்டோ?"

"ஸ்கூல் ஃபிரண்ட்ஸ் குரூப்புல போட்டுக் கேக்கறேன். யாருக்காச்சும் தெரியும்."

அந்தக் குரூப்பில் இருநூற்றுப் பதினான்கு பேர். அவர் பேஸ்ட் நுரையைத் துப்பிவிட்டு வருவதற்குள் மூன்று பதில் வந்துவிட்டது. ஒருவர் வணக்கம் வைத்திருந்தார். ஒருவர் பூச்செண்டு அனுப்பியிருந்தார். மூன்றாமவர், ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் சரியாகும் என்று எழுதியிருந்தார்.

இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்கு ரேணுகாதேவியின் கலக்கம் எதற்கென்று உடனே புரிந்திருக்கும். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்கும் சொல்லிவிடலாம்.

ரேணுகாதேவி பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். அவளுடைய டிசைன் சாஃப்ட்வேர் புது மெஷினில் ஓடாது என்பதால், பத்து வருஷத்துப் பழைய கம்ப்யூட்டரைக் கண்ணாகக் காப்பாற்றி வருகிறாள். குழந்தை இல்லை. கொழுந்தன் சுதாகரின் மகள் மதிவதனி நடை பழகியது இந்த வீட்டுக் கூடத்தில்தான். ஆறு வயதில் பெரியம்மாவின் கிராஃப் பேப்பரைப் பிடுங்கிக் கட்டம் கட்டமாகப் பச்சை அடித்து, ஒரு கிளி போட்டாள். அதற்கு மூன்று கால். "ஒரு கால் வலிச்சா இன்னொண்ணு வேணும்ல பெரியம்மா?" என்று காரணமும் சொன்னாள். அந்தப் பேப்பர் இன்னும் பீரோவில் இருக்கிறது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் சுதாகர் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இப்போது இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. ரேணுகாதேவி ராப்பகலாய்ப் போட்ட முல்லை மொக்கு பார்டர், தறி ஏறுவதற்குள் வேறு யாருடைய புடவையிலோ வந்துவிட்டது. அந்த வாரம் வெளியிலிருந்து வந்து அவள் கம்ப்யூட்டரைத் தொட்டவள் ஒருத்திதான். பிரிண்டர் பொருத்த வந்த ஓரகத்தி, சுதாகரின் மனைவி அகல்யா. ஒரு காதுகுத்துப் பந்தியில், முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வூட்டு ஆளே என் டிசைனை வித்துட்டாங்க" என்று ரேணுகாதேவி வாய்விட்டுச் சொன்னாள். அகல்யா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

கோபம் அகல்யா மேல். மதி என்ன செய்தாள்? அவளுக்கு வெம்பாக்கத்து மாப்பிள்ளை நிச்சயமாகி, கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்றே நாள். வரவேற்புக்குக் கட்டிக்கொள்ள ஒரு புடவையை மூன்று மாதமாக யாருக்கும் சொல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள் இந்தப் பெரியம்மா. அது அந்த மெஷினுக்குள் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. இன்னொரு பிரதி எடுத்து வைத்தால் திருடுகிறவனுக்கு இன்னொரு வழி என்பது அவள் எண்ணம்.

அன்பழகன் அதற்குள் திரையில் இருந்த நம்பரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டார்.

"வணக்கம் சார், பதறாதீங்க சார்," என்றது ஒரு குரல். தேன் ஒழுகியது. "நான் சொல்ற மாதிரி ரெண்டு பட்டனை அழுத்துங்க. உங்க ஸ்கிரீன் எனக்கு இங்கிருந்தே தெரியும். நானே கிளீன் பண்ணிடறேன்."

"தெரியுமா? இன்னா தெரியும்?" என்று குறுக்கே வந்தாள் ரேணுகாதேவி.

"எல்லாமே தெரியும் மேடம். உங்க ஃபைல் மொத்தமும்."

அவ்வளவுதான். ரேணுகாதேவி குனிந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கி எறிந்தாள். போனையும் பிடுங்கி அணைத்தாள். பாவம், அந்த ஆள் கார்டு நம்பரைக் கேட்டிருந்தால் அன்பழகன் எடுத்துக் கொடுத்திருப்பார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான். ஆரணியில் தறி ஏறாத டிசைனை அந்நியனுக்குக் காட்டுகிற வழக்கம் கிடையாது. பால்காரர் வாசலில் வந்து நின்றாலே ரேணுகாதேவி திரையை அணைத்துவிட்டுத்தான் பாத்திரத்தை எடுப்பாள்.

"அப்ப பஜார்ல கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துகினு போலாமா?"

"அங்க பத்து பேர் நின்னுகினு வேடிக்கை பாப்பான். வேணாம்."

அந்த நேரம் பார்த்து நெசவாளர் தமிழ்வாணன் கூப்பிட்டார்.

"ரேணுக்கா, பாவு ஏத்தியாச்சு. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள டிசைனை அனுப்பிடுங்க. இல்லன்னா வேற பார்ட்டியோடத போட்டுடுவேன். அப்புறம் பேஜார் பண்ணக் கூடாது."

தறியில் ஒருமுறை ஏற்றுகிற பாவு நூலில் மூன்று புடவை வரும். வேறு யாராவது ஏறிக்கொண்டால் மதியின் கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்துதான் தறி காலியாகும். வேறு நல்ல தறிகளும் கல்யாண சீசனில் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தன.

ரேணுகாதேவி செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆரணியில் அவளுக்குத் தெரிந்து கம்ப்யூட்டர் வைத்தியம் பார்க்கிற குடும்பத்து ஆள் ஒருத்திதான். கோட்டை மைதானத்துக்கு எதிரே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள்.

கடைசியில் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க," என்றது எதிர்முனை. முன்பெல்லாம் அந்தக் குரல் 'அக்கா' என்றுதான் ஆரம்பிக்கும்.

"நான் ரேணு பேசறேன்."

"தெரியுது. நம்பரை நான் அழிக்கல."

ரேணுகாதேவி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு முறை திக்கினாள்.

"ஒரு மணிக்கு கிளாஸ் முடியும், வரேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

இதை ரேணுகாதேவி கணவரிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லிவிட்டுத்தான் சமையலுக்குப் போனாள். அன்பழகனிடம் தொடாதே என்றால் உடனே கை அரிக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் அறையிலிருந்து, பெரிய காரியம் ஒன்றை முடித்த முகத்தோடு கை கழுவ வந்தார். குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் அதைக் கவனிக்கவில்லை.

ஒன்றேகாலுக்கு அகல்யாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. உள்ளே வந்தவள், "எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர்ச் சொம்பை நீட்டினால் வேண்டாமென்று கை காட்டினாள். சோபாவிலும் உட்காரவில்லை. நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ரேணுகாதேவி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லவே கூடாததைச் சொன்னாள்.

"அகல்யா... டிசைன் வெச்சிருக்கற ஃபோல்டரை மட்டும் திறந்துடாத."

அகல்யாவின் கை அப்படியே நின்றது. "திறக்கல," என்றாள். "வூட்டு ஆளு பாத்தா வித்துடுவாங்க இல்ல?"

ரேணுகாதேவிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே இருப்பது உன் மகளின் புடவை, கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் கையில் கொடுப்பதாக இருந்தேன் என்று எப்படிச் சொல்வாள்?

அகல்யா சாவிக் கொத்திலிருந்த பென்டிரைவைச் செருகினாள். அதிலிருந்த வைரஸ் ஒழிப்பு மருந்தைத் திறந்தாள். 'இதில் வைரஸ்!' என்று மூடிவிட்டது கவச். நோட்பேடைத் திறந்தாள். அதிலும் வைரஸ். கால்குலேட்டரைத் திறந்தாள். கூட்டல் கழித்தலிலும் வைரஸ் என்றது.

"இதுதான் மாமா வைரஸே," என்றாள் அன்பழகனிடம். "காவக்காரன் வேஷத்துல உக்காந்துகினு வூட்டுக்காரங்களையே உள்ள விட மாட்டேங்குது. 847-லாம் சும்மா கதை. உங்க ஃபைல் பேரையே படிச்சுக் காட்டி உங்களைப் பயமுறுத்துது. அந்த நம்பருக்கு போன் பண்ண வெக்கத்தான் இத்தனை கூத்து."

அன்பழகன் தரையைப் பார்த்தார்.

அவள் மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். போட்ட கையோடு ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. "இது சேஃப் மோடு. ரொம்ப அவசியமான புரோகிராம் மட்டும்தான் இதுல எழுந்திருக்கும். கவச் தூங்கிடும்." இந்தமுறை மருந்து மறுபேச்சில்லாமல் திறந்தது. ஒவ்வொரு ஃபைலாகத் தேட ஆரம்பித்தது. முப்பது சதவீதத்தில் வந்து நத்தையாய் ஊர்ந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். மூன்று பேருக்கும் அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நேத்து புதுசா எதையாவது இறக்குனீங்களா மாமா?"

"அது வந்து... மதிக்கும் மாப்பிள்ளைக்கும் ஜாதகப் பொருத்தம் பாக்கலாம்னு ஒண்ணு. இலவசம்னு போட்டிருந்தான். பத்துக்கு எட்டும்மா! சூப்பரா வந்துச்சு."

அகல்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அது பேரு ஞாபகம் இருக்குதா? அதையும் எடுக்கணும்."

"போட்டோவே பிடிச்சு வெச்சிருக்கேன், இரு." அவர் செல்போனை எடுத்துத் தேய்த்தார். மாடு, மின்கட்டண ரசீது, ஏதோ வண்டி நம்பர் என்று படங்கள் ஓடின. வேகமாகத் தேய்த்ததில் இரண்டு வருஷம் பின்னால் போய்விட்டார்.

"நில்லுங்க," என்றாள் ரேணுகாதேவி.

செல்போன் திரையில் முல்லை மொக்கு பார்டர். அவளுடைய மேஜை, அவளுடைய டம்ளர், அவளுடைய கம்ப்யூட்டர். தெளிவாக, கட்டத்தை எண்ணிவிடலாம் போல விழுந்திருந்தது. கீழே குரூப்புக்கு அனுப்பிய அடையாளம். 'என் மனைவி போட்டது!!! எப்படி?' என்று மூன்று ஆச்சரியக்குறி. தேதி, அகல்யா பிரிண்டர் பொருத்த வருவதற்கு நாலு நாள் முன்னால்.

ரேணுகாதேவி அந்தத் தேதியை இன்னொரு முறை படித்தாள்.

"பெருமையா இருந்துச்சு ரேணு," என்றார் அன்பழகன். குரல் உள்ளே போயிருந்தது. "எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் நீ அகல்யாவச் சொன்னப்ப கூட, இது எனக்கு ஞாபகமே வரலம்மா. சத்தியமா."

ரேணுகாதேவி கணவரைத் திட்டவில்லை. அவருக்கான பங்கு பிறகு இருந்தது. அவள் அகல்யாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு வருசமா உன்னைக் குத்தவாளியாவே பாத்துகினு இருந்தேன். தப்பு என்னுது. அன்னைக்கு முப்பது பேருக்கு முன்னாடி சொன்னேன். மதி கல்யாணத்துல முன்னூறு பேருக்கு முன்னாடி நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்றேன். என்னை மன்னிச்சுடு."

அகல்யா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. "அறுபத்தெட்டு சதவீதம் ஆச்சு," என்றாள்.

மூன்று மணிக்கு மருந்து வேலையை முடித்தது. கவச், ஜாதகம், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு உருப்படிகள், எல்லாம் போயின. அகல்யா மெஷினை அணைத்துப் போட்டாள். சிவப்பும் இல்லை, கூவலும் இல்லை. பழைய தாமரைக் குளப் படம் சமர்த்தாக வந்து நின்றது.

"நீங்களே திறந்து பாத்துக்குங்க," என்று சொல்லி எழுந்து, நாற்காலியை விட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஓரகத்தியானாலும் தறி ஏறாத டிசைனைப் பார்ப்பதில்லை. அந்த மரியாதையை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் மீறவில்லை.

ரேணுகாதேவி ஃபோல்டரைத் திறந்தாள். காலி. மறுபடி திறந்தாள். அறுபத்திரண்டு டிசைன் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"ஐயோ! என் டிசைனெல்லாம் எங்க?"

அன்பழகன் மெல்ல ஒரு விரலைத் தூக்கினார், வகுப்பில் சிறுநீர் கழிக்க அனுமதி கேட்பவர் போல.

"நான்தான் எடுத்துப் போட்டேன். லிஸ்டுல பூச்சின்னு காட்டுச்சே! எங்கப்பா பட்டு நூல் பீரோவுல ஒரு கட்டுல பூச்சி தெரிஞ்சா அதை உடனே எடுத்துக் கடாசிடுவாரு. இல்லன்னா மொத்த பீரோவும் போயிடும். அதே மாதிரி, பூச்சி இருக்கறதெல்லாம் பொறுக்கிக் குப்பைத் தொட்டில போட்டேன்."

ரேணுகாதேவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம். மணி மூன்றே கால். கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள். "போச்சு. எல்லாம் போச்சு," என்று வாய்விட்டு அழுதாள்.

சுவர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அகல்யா சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"மாமா, குப்பைத் தொட்டியைக் கொட்டிட்டீங்களா?"

"இல்ல. நம்ம தெருவுக்கு வண்டி நாளைக்குத்தானே வரும்?"

"கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டிக்கு வண்டி வராது மாமா! உள்ளயேதான் இருக்கும். எடுத்துக்கலாம்." சுவரைப் பார்த்தபடியே அவள் சொல்லிக்கொடுத்தாள். "அந்தக் கூடை படத்தைத் திறங்க. வேணுங்கற பேரு மேல வெச்சு வலது பக்கம் அழுத்துங்க."

ரேணுகாதேவி கூடையைத் திறந்தாள். மவுஸ் திரைக்குள் எங்கெங்கோ ஓடியது. அறுபத்திரண்டு பெயர்களுக்கு நடுவில் அந்த ஒரு பெயர் தெரிந்தது. அவள் மவுஸை விட்டுவிட்டாள்.

"அகல்யா, திரும்பு."

"வேணாம். நீங்க எடுங்க."

"திரும்புன்றேன் இல்ல? இது நீ பாக்க வேண்டிய டிசைன்தான்."

அகல்யா திரும்பினாள். 'மதி கல்யாணம்' என்று இருந்த பெயரைப் படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஃபைலை மீட்டு, திறந்தாள்.

மாம்பழ மஞ்சள் உடல். மாவிலைப் பச்சைக் கரை. முந்தி முழுக்கக் கிளிகள், ஜோடி ஜோடியாய், ஒன்றுக்கொன்று அலகு கொடுத்துக்கொண்டு. ஓரத்தில், ஜோடி இல்லாமல் தனியாக ஒரு கிளி. கழுத்து கொஞ்சம் கோணல். அதற்கு மூன்று கால்.

அகல்யா அந்தக் காலை விரலால் தொட்டாள். திரையில் விரல் பட்டால் ரேணுகாதேவிக்கு ஆகாது. இன்று அவள் தடுக்கவில்லை.

"எம் பொண்ணு போட்ட கிளி," என்றாள் அகல்யா. "ஒரு கால் வலிச்சா இன்னொண்ணு... அக்கா, இதை இத்தினி வருசமா வெச்சிருந்தீங்களா?"

அக்கா என்று சொல்லிவிட்டாள். ரேணுகாதேவிக்கு வந்த அழுகையில் முந்தானை போதவில்லை. அன்பழகன் தன் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல சாப்பிடு. அன்னைக்குப் பாதி இலையில எழுந்து போன. அந்தப் பாதியை இன்னைக்குச் சாப்பிடு."

வத்தக்குழம்பு ஆறியிருந்தது. அகல்யா இரண்டுமுறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அன்பழகனுக்குக் கடைசியில்தான் இலை விழுந்தது. அப்பளமும் கிடையாது. ஸ்கூல் குரூப்பிலிருந்து வெளியேறிய பிறகு தரப்படும் என்று சொல்லப்பட்டது.

மீதி அறுபத்தொரு டிசைனையும் கூடையிலிருந்து மீட்ட பிறகு, அகல்யா பொருத்திய அதே பிரிண்டரில் மதியின் டிசைனை ஒரு தாள் எடுத்தார்கள். ரேணுகாதேவியின் பென்டிரைவில் தறிக்காக ஒரு பிரதி. "இன்னொண்ணு என் பென்டிரைவுல இருக்கட்டும் அக்கா. திருடிட மாட்டேன்," என்று அகல்யா சொல்ல, ரேணுகாதேவி அவள் தோளில் ஒரு அடி வைத்தாள். நாலே முக்காலுக்குத் தாளையும் தறிக்கான பிரதியையும் அன்பழகனே தமிழ்வாணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். வழியில் போட்டோ பிடிக்கவில்லை.

ஐந்தரைக்கு இரண்டு பெண்களும் காபியோடு உட்கார்ந்து, இரண்டு வருஷத்துச் சேதியை ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தமிழ்வாணன். ரேணுகாதேவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரேணுக்கா, டிசைன் அம்சமா கீது. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டீங்க. முந்தி ஓரத்துல ஒரு கிளிக்கு மூணு காலு. ஒரு காலை நானே எடுத்துடட்டா?"

"தொடாதீங்க!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் காபி சிந்தியது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அன்பழகன், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கையைத் தூக்கிக்கொண்டார்.

"சரி சரி, தொடல. மூணு காலோடவே நெய்யறேன்," என்றார் தமிழ்வாணன். "இன்னொரு சங்கதி. நாளைக்குக் காலைல வெம்பாக்கத்துல இருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க என் வூட்டுக்கு முகூர்த்தப் புடவை பாக்க வராங்க. உங்க மதியையும் இட்டுகினு வராங்களாம். தறியில இந்தக் கிளி ஏறியிருக்குமே, பொண்ணு இது யாருக்குன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

ரேணுகாதேவி அகல்யாவைப் பார்த்தாள். அகல்யா அக்காவைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை ரகசியமாக இருக்க வேண்டிய புடவை. அந்த மூன்றாவது காலை மதிக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா?